காட்டுக்குள் போனவர்களின் கதை

(உடும்பஞ்சோலையில் வாசிப்பு நாளையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஜூன் 19, பி. என். பணிக்கர் மறைந்த நாள். 1945-ல் திருவிதாங்கூரில் அங்கங்கே தனித்தனியாகக் கிடந்த நூலகங்களை ஒரு சங்கமாகத் திரட்டியவர் அவர். அவர் நினைவு நாளில் எதைப் பேசுவது என்று கூட்டம் நடத்துபவர்களிடம் கேட்டேன். பிள்ளைகள் விரும்பி எடுத்துப் போகிற புத்தகங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று சொன்னார்கள். ராபின் ஹூட், ஐவன்ஹோ, லோர்னா டூன், சென்டா கைதி, புதையல் தீவு. பலவும் பள்ளியில் நான்-டீடெயிலாக வந்த சுருக்கப் பதிப்புகள். எல்லாவற்றிலும் ஓர் ஆள் சட்டத்துக்கு வெளியே போகிறான், அல்லது அப்படிப் போனவர்களிடம் மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு ஒரு காடோ கடலோ மலையோ அடைக்கலம் தருகிறது. பல கதைகளில் ஒரு பெண்ணும் காத்திருக்கிறாள். இந்தக் கதைகளை நான் நேசிக்கிறேன். நேசிப்பதால்தான் இவற்றிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இவனைக் கள்ளன் ஆக்கியது யார்?

ராபின் ஹூட்டிலிருந்து தொடங்குகிறேன். பச்சைச் சட்டையும் இறகு செருகிய தொப்பியுமாக, இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கிறவனாகத்தான் நமக்கு அவனைத் தெரியும். இந்தச் சித்திரம் பிற்காலத்தில் தீட்டியது. அவன் பெயர் எழுத்தில் முதன்முதலாக வருவது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கவிதை ஒன்றில். அங்கே ஒரு சோம்பேறிப் பாதிரியார், ஜெபம் சரியாக வராது, ராபின் ஹூட் பாட்டு வரும் என்கிறார். அதாவது புத்தகத்துக்கு முன்பே ஊர் வாயில் பாட்டாக இருந்தவன் அவன். 1500 வாக்கில் அச்சான ஒரு நெடும் கதைப்பாடலில் மிக அழகான ஒரு கட்டம் உண்டு. ஏழையாகிப்போன ஒரு வீரர், மடத்துத் தலைவரிடம் நிலத்தை ஈடு வைத்து 400 பவுன் கடன் வாங்கியிருக்கிறார். கெடு நெருங்கிவிட்டது. பணம் கட்டாவிட்டால் நிலம் மடத்துக்குப் போய்விடும். ராபின் அந்தத் தொகையை அவருக்குக் கடனாகத் தருகிறான். கவனியுங்கள், தானமாகத் தரவில்லை. நாணயம் பார்த்துக் கைமாற்றாகத் தருகிறான். ஈட்டுப் பத்திரத்துக்கும் கெடுவுக்கும் நடுவில் தூக்கம் தொலைத்த வீடு எதுவாக இருந்தாலும் அந்தக் கட்டம் அதற்குப் புரியும்.

அவன் செய்த பெரிய குற்றம் என்ன? ராஜாவின் மானைக் கொன்று தின்றதுதான். நார்மன் அரசர்கள் இங்கிலாந்தின் பெரும் பரப்பைத் தங்கள் வேட்டைக் காடாக அறிவித்தார்கள். அதுவரை விறகு பொறுக்கி, பன்றி மேய்த்து, மான் பிடித்து வாழ்ந்த குடியானவன் ஒரே நாளில் குற்றவாளியானான். 1217-ல் வனச் சாசனம் என்று ஒன்று போட்டு, இனி மானைக் கொன்றதற்காக ஒருவன் உயிரையோ உறுப்பையோ எடுக்கக் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. அப்படியானால் அதற்கு முன்பு எடுத்திருக்கிறார்கள். ராபின் ஹூட் கதையின் வேர் அந்த வனச் சட்டத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலை நினைவுக்கு வராமல் இருக்காது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் ஏலக்காய் திருவிதாங்கூர் சர்க்காரின் ஏகபோகச் சரக்கு. பயிர் செய்தவர்களில் பலர் கம்பம், போடிப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்தவர்கள். விளைந்த காயைச் சர்க்காரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். சர்க்கார் விற்கும், பயிர் செய்தவனுக்கு ஒரு பங்கு தரும். தன் கையால் களை எடுத்து, தன் கையால் பறித்து, காயவைத்த காயை ஒருவன் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கு இறங்கினால் அதற்குப் பெயர் கடத்தல். காய்ந்த ஏலக்காயை எப்படி ஒளிப்பது? மூட்டையை எத்தனை சுற்று சுற்றிக் கட்டினாலும் வாசனை ஆளுக்கு முன்னால் போகும். காவலுக்குத் தெரியாத தடம் பார்த்து, ராத்திரியில், காட்டு யானைக்கும் சேவகனுக்கும் ஒருசேரப் பயந்து இறங்க வேண்டும். இன்று அதே காய் புற்றடியிலும் போடியிலும் கணினித் திரையில் ஏலம் போகிறது. அன்று குற்றமாக இருந்தது இன்று வியாபாரம். காய் மாறவில்லை, சட்டம் மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் இறக்குமதி வரியைத் தப்பித்து பிராந்தியும் தேயிலையும் இறக்கியவர்களைப் பற்றி எத்தனையோ கதைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்ஃப்ளீட் என்ற நாவல் 1898-ல் வந்தது, அருமையான கதை. நம் மேட்டுப்பாதைகளில் இறங்கியவர்களுக்கு அப்படி ஒரு நாவல் இருப்பதாக எனக்குத் தெரியாது.

கதைப்பாட்டு எப்படிக் கதைப்புத்தகமாயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1795-ல் ஜோசப் ரிட்சன் ராபின் ஹூட் பாட்டுகளைத் திரட்டி அச்சிட்டார். 1819-ன் கடைசியில் வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ வந்தது. அதில் ராபின் ஹூட் நாட்டுப்பற்றுள்ள வீரனாகிவிட்டான். 1869-ல் பிளாக்மோர் எழுதிய லோர்னா டூன் காதலை நடுவில் கொண்டுவந்தது; கொள்ளைக்காரக் குடும்பத்தில் வளரும் பெண்ணை, அந்தக் குடும்பத்தால் தகப்பனை இழந்த ஒரு குடியானவன் நேசிக்கிறான். 1883-ல் ஹோவார்ட் பைல் என்ற அமெரிக்கர் தாமே படமும் வரைந்து சிறுவர்களுக்கான ராபின் ஹூட்டை வெளியிட்டார். புதையல் தீவு புத்தகமாக வந்ததும் அதே ஆண்டில்தான். பிறகு 1894-ல் சென்டா கைதி, 1905-ல் ஸ்கார்லெட் பிம்பர்நெல். கப்பலேறி இங்கே வந்து பள்ளிப் பாடமாகவும் பரிசுப் புத்தகமாகவும் நம் பிள்ளைகள் கையில் விழுந்தவை இந்த வகைப் புத்தகங்கள்.

இந்த வருடங்களுக்குப் பக்கத்தில் வேறொரு வருடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1871. அந்த ஆண்டில் வெள்ளை அரசு குற்றப் பழங்குடிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்தவன் பிறவியிலேயே திருடன் என்று எழுதிக் கையெழுத்திட்ட சட்டம். முதலில் வடக்கே அமலானது. 1911-ல் திருத்திய வடிவில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நமக்குக் கீழே, போடி இறங்கி, தேனி தாண்டி, உசிலம்பட்டி வட்டாரத்தில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள்மீது அது பாய்ந்தது. இந்த அவையில் இருப்பவர்களில் சிலருடைய பாட்டன் பூட்டன் கதை இது. ஊர் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். வயது வந்த ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். ராத்திரியில் குறிப்பிட்ட இடத்தில் ஆஜராக வேண்டும். மாமனார் ஊருக்குப் போய் ஓர் இரவு தங்குவதானாலும் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு ராத்திரிச் சீட்டு என்று பெயர். போகிற ஊரில் அதைக் காட்ட வேண்டும். சீட்டில்லாமல் இருட்டில் பிடிபட்டால் சிறை. அவன் களவு செய்தானா என்ற கேள்வியே அங்கே எழாது.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற ஒரே ஒரு பெண். சுடப்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு ஓடியவர் என்று ஊர் அவரை நினைவு வைத்திருக்கிறது. தங்கள் ஊர்க் காட்டுக்குள் ஓடிய ஒருவனை ஆறு நூற்றாண்டாகப் பாடிக் கொண்டாடுகிற ஒரு தேசம்தான், இங்கே ஓடாமல் வீட்டு வாசலில் நின்றவனைச் சுட்டது. இதைச் சொல்வது அந்தப் புத்தகங்களை வெறுக்க அல்ல. அந்தப் புத்தகங்களில் இருக்கும் நியாயத்தை அவர்களே இங்கே கடைப்பிடிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு மலையாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செங்ஙன்னூரில் பிறந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மதுரையில் வக்கீல் தொழில் நடத்தியவர், வைக்கம் போராட்டத்தில் சிறை சென்றவர். ரேகைச் சட்டத்துக்கு எதிராகக் கள்ளர்களுக்காகக் கோர்ட்டில் நின்றார், பத்திரிகையில் எழுதினார். கோட்டில் ரோசாப்பூ செருகியிருப்பார் என்பதால் அந்த மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். 1938-ல் மதுரையிலேயே காலமானார். ஸ்கார்லெட் பிம்பர்நெல் கதையில் நாயகனுக்கு அடையாளம் ஒரு சிறு சிவப்புப் பூ. அந்தக் கதையைப் படித்து மெய்சிலிர்க்கும் பிள்ளைகளே, நிஜத்தில் பூச் செருகிக்கொண்டு வந்து மனிதர்களைக் காப்பாற்றப் போராடிய ஒருவர் உங்கள் கேரளத்தில் பிறந்து எங்கள் மதுரையில் வாழ்ந்திருக்கிறார். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, நம் ஊர்க் கள்வர் எவரையாவது ஆங்கிலப் புத்தகம் நாயகனாக்கியிருக்கிறதா? ஆக்கியிருக்கிறது. இன்று உங்களிடம் சேர்ப்பிக்க விரும்பும் புத்தகம் அதுதான்.

திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டு மலையின் அடிவாரப் பக்கம், டோனாவூர் என்ற ஊர். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1901 முதல் அங்கே வாழ்ந்து, கோயிலுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். அந்தச் சீமையில் 1920-களின் தொடக்கத்தில் ஜம்புலிங்கம் என்ற பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. செம்புலிங்கம் என்றும் சொல்வார்கள். பொய்க்குற்றச்சாட்டால் விரட்டப்பட்டுக் கொள்ளையில் இறங்கியவர், இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குத் தருபவர், எத்தனை முறை சுற்றி வளைத்தாலும் நழுவி விடுபவர் என்று ஊர் பேசியது. ஏமி அவரைத் தலைமறைவு நாட்களிலேயே நேரில் சந்தித்துப் பேசினார். பிறகு சிறையில் இருந்தபோது அவர் கிறிஸ்தவரானார். அவர் பிள்ளைகளை டோனாவூர் ஏற்றுக்கொண்டது. 1923-ல் ஜம்புலிங்கம் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளில் ஏமியின் புத்தகம் லண்டனில் வெளியானது. அதில் அவருக்கு ராஜ் என்று பெயர். அட்டையிலேயே இந்திய ராபின் ஹூட் என்று அறிவித்தார்கள். சித்திரவதை நடந்ததையும் மறைக்கவில்லை. அன்றைய காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இதை எழுதியது சின்ன விஷயம் அல்ல.

ஆனாலும் அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஏமிக்கு ஜம்புலிங்கத்தின் ஆத்துமாதான் முக்கியம். அவர் மனம் திரும்பினார், ஜெபித்தார், மன்னித்தார் என்பதில் கதை போய் நிற்கிறது. அவரை விரட்டியது எந்த மாதிரியான நிர்வாகம், ஏழை சொல்லும் சாட்சி ஏன் அம்பலம் ஏறவில்லை என்ற கேள்வி அந்த அளவுக்கு வளரவில்லை. அதே ஜம்புலிங்கத்தைத் தெக்கத்திப் பாட்டுக்காரர்களும் பாடினார்கள். அங்கே அவர் ஆத்துமா பற்றிய கவலை இல்லை. வீரம் இருக்கிறது, ஏழைக்குக் கொடுத்த கை இருக்கிறது, கூட இருந்தே காட்டிக் கொடுத்தவன்மீது ஆத்திரம் இருக்கிறது. ஒரே மனிதருக்கு லண்டனில் அச்சான கதை ஒன்று, சந்தையில் பாடிய கதை ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கே ஜம்புலிங்கம் முழுதாகக் கிடைப்பார்.

நம் எழுத்தாளர்கள் ஆங்கிலக் கள்வர் கதைகளை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய பொருள். அன்றைய இந்தியா முழுதும் ஸ்காட்டைவிட ஆவலாகப் படிக்கப்பட்டவர் ரெயினால்ட்ஸ். லண்டனில் காலணாப் பதிப்பாக வாராவாரம் கதை விற்றவர், தொழிலாளர் உரிமைக்காகப் பொதுமேடை ஏறியவர். இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. நம்மவர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் அவர் கதைகளைத் தமிழாக்கித் தள்ளினார். தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் லைலா என்ற நாவலைத் தழுவித்தான் 1911-ல் நாகநாட்டரசி குமுதவல்லியை எழுதினார். இலக்கணப் பெரும்புலவர் ஒருவரின் மேசையில் காலணாக் கதை இருந்திருக்கிறது என்பதை நான் பெருமையாகவே சொல்கிறேன். கதை நன்றாக இருந்தால் அதற்குத் தீட்டுக் கிடையாது.

தழுவல் முடிந்து சொந்தச் சரக்கு வந்தது 1937-ல். ஆனந்த விகடனில் கல்கி கள்வனின் காதலியைத் தொடராக எழுதினார். கொள்ளிடக்கரை நாணல் காடுதான் அவருக்கு ராபின் ஹூட்டின் ஷெர்வுட் காடு. முத்தையன் என்ற ஏழை இளைஞன் மேல் வீண் திருட்டுப் பழி விழுகிறது. பழி விழுந்த பிறகுதான் அவன் திருடனாகிறான். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரு சாதியையே பிறவித் திருடர் என்று ரேகை எடுத்துக்கொண்டிருந்த நாட்டில், திருடன் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறான் என்று ஒரு ஜனரஞ்சகப் பத்திரிகை வாராவாரம் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கல்கி அந்தச் சட்டத்தை மனதில் வைத்து எழுதினார் என்று நான் வாதிடவில்லை. படித்தவர்கள் நெஞ்சில் அந்த எண்ணம் விழுந்திருக்கும் என்கிறேன்.

நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் மலைக்கள்ளன் இன்னொரு வகை. போலீஸ்காரர் ஒருவரின் மகன் அவர். காக்கிச் சட்டையின் உள்பக்கம் பார்த்து வளர்ந்தவர் எழுதிய கள்ளன் கதை அது. பகலில் பெரிய மனிதன், இரவில் மலைக்கள்ளன் என்ற இரட்டை வேஷம் பிம்பர்நெல்லிலும் சோரோவிலும் வருவதுதான். ஆனால் மலை நம் மலை, வழக்கு நம் ஊர் வழக்கு. 1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ அதைப் படமாக்கியது. கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு. பிறகு அதே கதை தெலுங்கு, இந்தி, கன்னடம், சிங்களம் என்று போனது. மலையாளத்தில் 1957-ல் தஸ்கரவீரன், சத்யன் நடித்தது. ஆங்கிலத்திலிருந்து வந்த ஓர் அச்சு, தமிழ் மண்ணில் புது வார்ப்பாகி, மேற்கு மலை தாண்டிக் கேரளம் இறங்கியிருக்கிறது.

கேரளத்துக்கு அந்த அச்சு அவசியம் என்றும் இல்லை. காயங்குளம் கொச்சுண்ணி இருந்தாரே. கொட்டாரத்தில் சங்குண்ணி ஐதிஹ்யமாலையில் எழுதி வைத்த வரலாறு அது. 1859-ல் திருவனந்தபுரம் சிறையில் மாண்டவர். கோழஞ்சேரிக்குப் பக்கத்தில் எடப்பாற மலதேவர் நடையில் அவருக்கு இன்றும் மெழுகுதிரியும் வெற்றிலை பாக்கும் படைக்கிறார்கள். ஒரு முஸ்லிம் கள்ளருக்கு மலைதெய்வங்களின் நடையில் இடம் கொடுத்த ஊர் அது. நாட்டிங்காம்காரர்கள்கூட ராபினுக்குச் சிலைதான் வைத்தார்கள்.

எரிக் ஹாப்ஸ்பாம் என்ற வரலாற்றாசிரியர் 1969-ல் இந்த வகைக் கள்ளர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நாட்டுக்கு நாடு கதை ஒரே தடத்தில் போகிறது என்று காட்டினார். அநியாயத்தில் தொடக்கம், ஏழைக்கு உதவி, ஊரார் அடைக்கலம், துரோகத்தால் சாவு. ஜம்புலிங்கத்துக்கும் கொச்சுண்ணிக்கும் இது அப்படியே பொருந்துகிறது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதுதான் நம்மை எச்சரிக்க வேண்டும். நிஜ மனிதன் எங்கே முடிந்தான், கதை எங்கே தொடங்கியது? நம் காலத்தில் சத்தியமங்கலம் காட்டில் வீரப்பனை இப்படிப் பாடத் தொடங்கியவர்கள் இருந்தார்கள். 1991-ல் அவன் கையால் தலை துண்டிக்கப்பட்டு இறந்த வன அதிகாரி ஸ்ரீநிவாஸ், மலைக்கிராமத்து மக்களுக்கு வீடும் மருத்துவமும் கிடைக்கப் பாடுபட்டவர். அந்தப் பாட்டுகளில் ஸ்ரீநிவாஸுக்கு ஒரு அடி உண்டா? கள்ளனை ஆக்கியது யார் என்று கேட்கிற நாம், கள்ளனால் செத்தது யார் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கதைகளில் பெண்களின் இடம் எனக்குப் பெரிய வருத்தம். அவள் கடத்தப்படுவாள், மீட்கப்படுவாள், காத்திருப்பாள். இல்லையென்றால் காட்டிக் கொடுப்பாள். கொச்சுண்ணி பிடிபட்டதற்குக்கூட ஒரு பெண்ணைத்தான் கதை கைகாட்டுகிறது. பழைய ராபின் ஹூட் பாட்டுகளில் அவன் காதலி மரியனே கிடையாது. மே மாத விழாக் கூத்துகளிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தவள். அப்படி வெளியிலிருந்து ஒருத்தியைக் கதைக்குள் கொண்டுவர முடியும் என்றால், குண்டு பறக்கும்போது தண்ணீர்க் குடத்தோடு ஓடிய மாயக்காளை ஏன் கொண்டுவர முடியாது? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு வளைவெல்லாம் ஏறி இங்கே காய் எடுக்க வரும் பெண்களின் வாழ்க்கையில் சாகசத்துக்கு என்ன குறை?

மாணவர்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ராபின் ஹூட்டைப் படியுங்கள், முடிந்தால் சுருக்கப் பதிப்பை விட்டுப் பைலின் முழுப் புத்தகத்தையே படியுங்கள். அதை முடித்த கையோடு கள்வனின் காதலி. மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் ஐதிஹ்யமாலையில் கொச்சுண்ணியை எடுங்கள், தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். நீங்கள் அவனுக்கு மலைக்கள்ளனைச் சொல்லுங்கள். நூலகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். ஏமி கார்மைக்கேலின் ராஜ் புத்தகத்தைத் தேடி வாங்கி இந்த அலமாரியில் வையுங்கள். இன்னொன்று, இந்த மலையில் தலைச்சுமையாகவும் கழுதைமேலும் சரக்கு இறங்கிய பழைய தடங்கள் எவை, எந்த வளைவில் காவல் இருந்தது, யார் யாருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள் என்று தாத்தா பாட்டி வழியாகக் கேட்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நோட்டும் பேனாவும் இருக்கிறது. என் பேச்சு முடிந்ததும் ஒலிவாங்கியை உங்களிடம் தரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாதைகளின் பெயரிலிருந்து தொடங்கலாம்.